சாய்ந்த கோடு

“இதிலை ஆச்சரியப்பட என்ன இருக்கு?”

அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

சுவிஸில், ஓர்லிகோனில் ரயில் பாதையைப் பார்த்தபடி நின்ற ஒரு கட்டடத்தில், முட்டைகளை எடைபோட்டுத் தரம் பிரிக்கும் இயந்திரங்களைச் செய்கிற சிறிய நிறுவனம் ஒன்று இருந்தது. கீழே பட்டறை, மேலே அலுவலகம். அங்கே மென்பொருள் பிரிவுக்கு அவர்தான் தலைவர். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் காலை நாலைந்து வரி நிரல் எழுதியிருப்பேன். பின்னால் வந்து நின்றவர் என் திரையில் ஓர் இடத்தைத் தொடாமல் சுட்டினார். இரண்டு எண்கள் சமனில்லை என்பதற்கு, எல்லாரும் எழுதுவதுபோல ஓர் ஆச்சரியக்குறியும் அதற்குப் பக்கத்தில் ஒரு சமன்குறியும் போட்டிருந்தேன்.

“ரெண்டும் சமனில்லை எண்டது உமக்கு அவ்வளவு ஆச்சரியமோ?”

சுவிஸிலேயே, எம்மன்புரூக்கேயில் பிறந்து வளர்ந்த எனக்கு வேலையிடத்தில் தமிழ் கேட்டது அதுவே முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. குனிந்து என் விசைப்பலகையில் கை வைத்தார். சுவிஸ் விசைப்பலகையின் இடது மேல் மூலையில், சட்டப் பிரிவுகளைக் காட்டுகிற § என்ற குறி இருக்கிறது. வக்கீல்களைத் தவிர யாரும் அதைத் தொடுவதில்லை. எங்கள் பிரிவில் எல்லாக் கணினிகளிலும் நிரல் எழுதும் எடிட்டரில் அவர் அந்த விசையைத் தன் தேவைக்கு மாற்றி வைத்திருந்தார். அந்த விசை, பிறகு n, e, பிறகு ஓர் இடைவெளி. அடித்ததெல்லாம் மறைந்து, குறுக்கே வெட்டிய சமன்குறி ஒன்று திரையில் நின்றது: ≠. எங்கள் நிரல்மொழி இப்படியான கணிதக் குறிகளை நேராகவே ஏற்றுக்கொள்ளும்.

“ஒரு விஷயத்துக்கு ஒரு குறி. ரெண்டு எழுத்தை ஒட்ட வைச்சு எழுதிறது பிச்சைக்காரன்ரை சட்டை மாதிரி,” என்றார். “அளவான சட்டை இருக்கேக்கை ஏன் ஒட்டுப் போடுறீர்?”

மதியம் சாப்பாட்டு அறையில் நான் “அக்கா” என்று தொடங்கினேன். கண்ணாடிப் பெட்டியிலிருந்த புட்டை முள்ளுக்கரண்டியால் எடுத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

“இஞ்சை அக்கா தங்கச்சி ஒண்டும் இல்லை. பெயரைச் சொல்லும்.”

என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவரைப் பெயர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அங்கே இருந்த காலம் முழுக்க அவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமலே கதைத்துச் சமாளித்தேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

மெலிந்த உருவம். நகங்களைச் சதையோடு வெட்டியிருப்பார். மூக்குத்தி போட்ட துளை இருந்தது, மூக்குத்தி இல்லை. தேநீர், கோப்பி ஒன்றும் கிடையாது, சுடுதண்ணீர்தான். அந்தக் கோப்பையில் ஒரு விஷயம் இருந்தது. யாருடைய வேலையிலாவது பிழை ஒன்றைக் கண்டுவிட்டால் கதிரையில் பின்னால் சாய்ந்து, கோப்பையை இரண்டு கையாலும் தூக்கி, குடிக்காமல் வாய்க்குக் கிட்ட வைத்துக்கொண்டிருப்பார். இது எனக்கு விளங்க நாள் எடுத்தது. முதலில் குளிருக்கு என்று நினைத்தேன்.

சில கிழமைகளில் எனக்கு அந்த மூலை விசை அலுத்துப் போய்விட்டது. ஓர் எழுத்துரு இருந்தது. ஆச்சரியக்குறியையும் சமன்குறியையும் அடுத்தடுத்து அடித்தால் அது இரண்டையும் ஒட்டித் திரையில் ≠ என்று காட்டும். கோப்பில் இருப்பது பழைய இரண்டு எழுத்துத்தான். கண்ணுக்கு மட்டும் ஒன்று. அதைப் போட்டுக்கொண்டேன். அவர் ஒருநாள் என் கதிரைக்குப் பின்னால் சிறிது நேரம் நின்றார், ஒன்றும் சொல்லாமல் தன் இடத்துக்குப் போனார், கோப்பையைத் தூக்கினார்.

அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் என் நிரலைச் சுவரிலிருந்த பெரிய திரையில் போடச் சொன்னார். தானே வந்து அம்புக்குறி விசையால் கேர்சரை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தினார். கேர்சர் அந்த ≠ இன் நடுவயிற்றில் வந்து நின்றது. உண்மையான ஒற்றைக் குறியென்றால் நடுவில் நிற்காது, தாண்டிப் போய்விடும்.

“வேஷம்,” என்றார் தமிழில். பிறகு மற்றவர்களுக்காக அதையே ஜெர்மனில் சொல்லி, என் முகத்தை அல்ல, மற்றவர்களின் முகத்தைப் பார்த்தார். யாரோ சிரித்தார்கள்.

முதல் நாளே என் காதுக்குள் சொல்லியிருந்தால் அன்றைக்கே மாற்றியிருப்பேன். ஆனால் அவர் பிழையைக் கண்டால் சொல்கிறவர் அல்ல. அது பழுக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பவர். அவருடைய குணம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் எனக்குத் தெரிந்தது இதுதான்.

அவர் எழுதிய நிரல் அழகாயிருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். மற்றவர்களின் நிரல் மளிகைக் கடைத் துண்டுபோலச் சிதறிக் கிடக்கும். அவருடையது நல்ல அச்சில் வந்த கணிதப் புத்தகத்தின் பக்கம். இடது சின்னவிரல் அந்த மூலை விசையைக் குருவி கொத்துவதுபோலக் கொத்தும், உடனே ∈, ∉, ∪, ∩ என்று ஒவ்வொன்றாய் வந்து உட்காரும். மனம் நல்லாயிருக்கிற நாள்களில் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, திரையிலிருப்பதைத் தமிழில் வாசிப்பார்.

“முட்டை இந்தக் கூட்டத்துக்கை இருக்கு. எடை எல்லையைத் தாண்டேல்லை. அப்ப கதவைத் திற. பாத்தீரோ? எழுதினபடியே வாசிக்கலாம்.”

அந்த நேரங்களில் அவருக்குப் பள்ளிக்கூடப் பிள்ளையின் முகம் வந்துவிடும். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. பயமாயும் இருந்தது. பேர்ணிலிருந்து வந்து எங்களோடு வேலை செய்த ஒருவனுக்குப் பயம் மட்டும்தான் இருந்தது. அவன் ஒருதடவை முதலாளிக்கு விளக்கப் படம் தயாரித்தபோது ∩ வர வேண்டிய இடத்தில் ∪ போட்டுவிட்டான். இரண்டு பட்டியலிலும் இருக்கும் வாடிக்கையாளர்கள் என்பதற்குப் பதிலாக எல்லா வாடிக்கையாளர்களும் என்று ஆகிவிட்டது. இவரோ முந்தின நாளே அந்தப் படத்தைப் பார்த்துச் சரி என்று தலையாட்டியிருந்தார். முதலாளி அந்தக் கணக்கை நம்பிப் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்து, “கிண்ணத்தைக் கவிழ்க்க மறந்துவிட்டார்,” என்று ஜெர்மனில் சொன்னார். அவன் அந்த வருடமே வேறு வேலை தேடிக்கொண்டு போனான்.

“சொல்லியிருக்கலாமே,” என்று அப்போது நான் கேட்டேன்.

“கண் இருந்தால் காணும்,” என்றார்.

அவர் தாயாரோடு வில் என்ற ஊரில் இருந்தார். அலுவலகத்தில் தமிழ்ப் பிள்ளை ஒன்று வேலை செய்கிறது என்று தெரிந்து, தாயார்தான் என்னைக் கூட்டிவரச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றாராம். பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். கீழ்வீட்டில் இருக்கிற ஒரு தமிழ்த் தம்பதியும் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். தாயார் வாய் ஓயாமல் கதைத்தபடி சமைத்தார். அடுப்படி வாசலில் தோளைச் சாய்த்து நின்றபடி அவர் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் சுடுதண்ணீர்க் கோப்பை. குடிக்கவில்லை.

கத்தரிக்காய்க் குழம்பு வாயில் வைக்க முடியாத உப்பு. கீழ்வீட்டு ஐயா ஒரு கவளத்தை விழுங்கிவிட்டுத் தண்ணீரை எடுத்தார். கடைசியாக இருந்து சாப்பிடத் தொடங்கிய தாயாரின் முகம் மாறியது.

“ஐயோ, உப்பு ரெண்டு தரம் போட்டிட்டனோ?”

“ஓம். புளி விடமுன்னம் ஒருக்கா. இறக்கேக்கை ஒருக்கா.”

“கண்டனியோ? பிறகேன் பிள்ளை சொல்லேல்லை?”

“சொன்னால் நாளைக்கும் போடுவியள். இனிப் போடமாட்டியள்.”

தாயார் சிரிக்கப் பார்த்தார். சில மாதங்களாகவே அவருக்கு மறதி கூடி வருகிறது என்று கீழ்வீட்டு அம்மா பிறகு எனக்குச் சொன்னார். அப்படிப்பட்டவரை இனிப் போடாமல் இருக்க எந்தப் பாடம் செய்யும்?

கோப்பைகளைக் கழுவ உதவியபோது தாயார் என்னிடம் மெதுவாகக் கதைத்தார். “அவளைப் பிழையா நினைக்காதை பிள்ளை. வந்த புதுசிலை, எட்டு வயசு, இஞ்சத்தைப் பள்ளிக்கூடத்திலை விட்டனாங்கள். அங்கை நாங்கள் ஒண்டு எழுதிறது நேர்க்கோடுதானே. இஞ்சை ஒண்டுக்குத் தலையிலை ஒரு நீட்டுக் கோடு இழுக்க வேணும், ஏழுக்கு நடுவிலை வெட்ட வேணும். இவளின்ரை ஒண்டு எது ஏழு எது எண்டு தெரியேல்லையாம். அந்த ரீச்சர் எல்லாக் கணக்கையும் பிழை எண்டு வெட்டிக்கொண்டே வந்தவ. ஏன் எண்டு ஒருநாளும் சொல்லேல்லை. இவளைக் கெட்டிக்காரர் இல்லாத வகுப்பிலை கொண்டுபோய் விட்டிட்டினம். பிறகு தானே இருந்து பாத்துப் பாத்துக் கண்டுபிடிச்சவள்.”

“அப்ப அவவுக்குத் தெரியுமே, அது எவ்வளவு நோகும் எண்டு?”

தாயார் கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “அவள் அப்பிடி நினைக்கேல்லை. அதாலைதான் தான் இவ்வளவு படிச்சது எண்டு நினைக்கிறாள்.”

ரயிலில் திரும்பி வரும்போது இதை வைத்து அவரை மன்னித்துவிடப் பார்த்தேன். அப்போது முடிந்தது. அண்ணை வேலைக்கு வந்த பிறகு முடியவில்லை.

அண்ணை மட்டக்களப்பு ஆள். ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். எங்கள் அப்பா அம்மா இருக்கும் எம்மன்புரூக்கேயில் அடுத்த தெருவில் ஒற்றை அறையில் இருந்தவர் என்பதால் எனக்கு முன்பே தெரியும். ஊரில் கணிதப் பட்டப்படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தவர். இங்கே வந்து லுசேர்ணில் ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தார். தரை துடைத்துக்கொண்டே வருடக்கணக்கில் வகுப்புகளுக்குப் போய் நிரல் எழுதப் படித்தார். கையில் இருந்தது எஃப் அனுமதி, திருப்பி அனுப்ப முடியாதபடியால் இருக்க விட்டிருக்கிறோம் என்று சொல்கிற அட்டை. நிலையான வேலையும் போதிய சம்பளமும் இருந்தால் மனைவியையும் மகளையும் கூப்பிடக் கேட்கலாம். மகளுக்குப் பதினெட்டு வயதாவதற்குள் கேட்க வேண்டும். முதலாளி அவரைத் தகுதிகாண் காலத்துக்கு எடுத்தார். அந்த மாதங்களைத் தாண்டினால் நிரந்தரம்.

“தங்கச்சி, இந்தக் குறியெல்லாம் நல்ல வடிவுதான்,” என்று முதல் கிழமையே சொன்னார். “ஆனா எனக்கு எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. கண்ணாடிய மாத்தணும் போல.”

எங்கள் குழுவின் திரைகளில் எழுத்து மிகவும் சின்னது. எங்கள் தலைவர் அப்படித்தான் வைக்கச் சொல்வார், ஒரு பார்வையில் நிறைய வரி தெரிய வேண்டுமாம். அண்ணை மூக்கைத் திரையில் முட்டவைத்துக்கொண்டு வேலை செய்வார். குறிகளின் பெயர்களை வாய்க்குள் முணுமுணுப்பார். ஆனாலும் நன்றாகச் செய்தார்.

எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது வேறொன்று. அவர் அண்ணையை ஒருதடவைகூட ஏசவில்லை. கூட்டத்தில் திரையில் ஏற்றவில்லை. “நல்லாச் செய்யிறீங்கள்,” என்று மட்டும் சொல்வார். அண்ணைக்குக் கண் கலங்கிவிடும்.

“மேடம் கடும் ஆள் எண்டு சொன்னீங்க. என்னோட எவ்வளவு பதமாக் கதைக்கிறா, பாருங்க.”

குறைவு அல்லது சமன் என்பதற்கு எல்லாருக்கும் தெரிந்த குறி ≤. அடியில் கோடு படுத்திருக்கும். அதைப்போலவே இன்னொன்று இருக்கிறது: ⩽. இதில் அடிக்கோடு சாய்ந்திருக்கும். இந்தச் சாய்ந்ததற்கு எங்கள் நிரலில் அவர் தானாக ஒரு பொருள் கொடுத்திருந்தார். தராசு நடுங்கும் என்பதால், எல்லையை இரண்டு கிராம் தாண்டியிருந்தாலும் பரவாயில்லை என்று விட்டுக்கொடுத்து ஒப்பிடுவது. அது தராசைச் சரிபார்க்கும் பகுதிக்கு மட்டுமே உரியது. முட்டையை எந்தக் கதவுக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கும் இடத்தில் அதைப் போட்டால், எல்லையில் இருக்கிற முட்டை நடுத்தரக் கூட்டத்திலும் இருக்கும், பெரிய கூட்டத்திலும் இருக்கும்.

அண்ணை ஒருநாள் எங்கள் எல்லாருக்கும் முன்னால் கேட்டார். “மேடம், இந்த ரெண்டும் எனக்கு ஒண்டு போலத்தான் தெரியுது. சாஞ்சதுக்கு வேற குறி வைக்க ஏலாதா?”

“கண் இருந்தால் காணும் அண்ணை,” என்றார் அவர், மிக மெதுவாக. அண்ணை என்று சொன்னதால் அண்ணை அதை அன்பாகவே எடுத்துக்கொண்டார்.

புதிய இயந்திரத்துக்கான தரம் பிரிக்கும் பகுதியை எழுதும் வேலை அண்ணைக்குக் கிடைத்தது. எந்த நிரலும் இயந்திரத்துக்குள் போகமுன் இரண்டாவது ஆள் ஒருவர் வரிக்கு வரி பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் விதி. அண்ணையின் நிரலை எங்கள் தலைவரே பார்த்தார், ஒப்புதல் கொடுத்தார். நான் அந்தக் கிழமை விடுமுறையில் இருந்தேன். பரிசோதனைக்கு நாங்கள் பாவிப்பது எடை தெரிந்த பிளாஸ்ரிக் முட்டைகள். அவற்றில் எல்லைக்குக் கிட்டிய எடை ஒன்றும் இல்லை. எல்லாம் ஒழுங்காக ஓடியது.

வாங்க வந்தவர்கள் துர்காவ் மாநிலத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிற கணவனும் மனைவியும். தங்கள் பண்ணை முட்டைகளையே தட்டுத் தட்டாகக் கொண்டுவந்திருந்தார்கள். பட்டறையில் இயந்திரத்தைச் சுற்றி எல்லாரும் நின்றோம். அண்ணை அன்றைக்கு அயர்ன் பண்ணிய வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். முதலாளி அவரைக் காட்டி, “இந்தப் பகுதியை எழுதியவர் இவர்தான்,” என்று அறிமுகம் செய்தார். அவர் மேலிருந்து சுடுதண்ணீரோடு இறங்கி வந்து, இயந்திரத்தை உடனே நிறுத்துகிற சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்றார்.

முதல் முட்டைகள் சரியாகப் போயின. பிறகு ஒன்று வந்தது. அதற்கு இரண்டு கதவுகளும் ஒரேநேரத்தில் திறந்தன. இரண்டு பக்கமிருந்தும் தள்ளுகோல்கள் வந்து அதைத் தட்ட, முட்டை இடைவெளியால் சீமெந்துத் தரையில் விழுந்தது. பண்ணைக்காரி சிரித்தார். அடுத்ததும் விழுந்தது. பிறகு ஒன்றுவிட்டு ஒன்று. இயந்திரம் வேகமானது, வரிசை நிற்காது. மஞ்சட்கரு எங்கள் சப்பாத்துவரை வந்தது. அண்ணை விழுகிற முட்டைகளைப் பிடிப்பதற்கு இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஓடினார். ஒன்றைப் பிடித்தார், அது கையிலேயே உடைந்தது.

“நிப்பாட்டுங்கோ!” என்று நான் கத்தினேன். பொத்தானுக்குப் பக்கத்தில் நின்றவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளிதான் சுற்றி ஓடிவந்து அடித்தார்.

கோப்பையோடு நின்றவர் அண்ணையைப் பார்த்து ஜெர்மனில், எல்லாருக்கும் கேட்க, “உங்கள் கோடு சாய்ந்திருக்கிறது,” என்றார்.

அண்ணைக்கு உடனே விளங்கிவிட்டது. வெள்ளைச் சட்டையோடு முழங்காலில் இருந்து, மூலையில் கிடந்த துணியை எடுத்துத் தரையைத் துடைக்கத் தொடங்கினார். நான் குனிந்து அவரை எழுப்பப் பார்த்தேன். “வேண்டாம் அண்ணை, துப்புரவு ஆக்கள் வருவினம். எழும்புங்கோ.”

“விடும்,” என்றார் அவர் என்னிடம், தமிழில். “அது அவருக்குப் பழகின வேலைதானே.”

பண்ணைக்காரர்களுக்கு அது விளங்கவில்லை. ஏதோ ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்திருப்பார்கள், குரல் அவ்வளவு இதமாக இருந்தது. அண்ணையின் கை ஒரு கணம் நின்றது. பிறகு துடைத்தது.

மேலே வந்ததும் கேட்டேன். “நீங்கள் அண்ணையின்ரை நிரலைப் பாக்கேக்கையே கண்டனீங்களோ?”

“ஓம்.”

“பிறகும் ஒப்புதல் குடுத்தனீங்கள்?”

“அவர் தானே காணுவாரோ எண்டு பாத்தனான். காணேல்லை.”

“அவருக்கு மகள் இருக்கு. உங்களுக்குத் தெரியும்.”

“முட்டைக்கு அது தெரியுமோ?”

நேரே முதலாளியிடம் போனேன். கெட்ட மனிதர் இல்லை அவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். நெற்றியைத் தேய்த்தார். பிறகு, “உங்கள் தலைவரை அனுப்பிவிட்டால் இந்தக் குறிகளையெல்லாம் யார் வாசிப்பது? நீ வாசிப்பாயா, முழுவதையும்?” என்றார். நான் சிலதை வாசிப்பேன், முழுவதையும் அல்ல. அது முதலாளிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தகுதிகாண் காலத்தில் ஒருவரை அனுப்ப ஒரு கிழமை முன்னறிவித்தால் போதும். அண்ணையை அனுப்பினார்கள்.

போகிற நாள் அண்ணை எல்லோருக்கும் கை கொடுத்தார். அவருக்கு இரண்டு கையாலும் கொடுத்தார். “நீங்க என்னை ஒருநாளும் ஏசல்ல மேடம். மறக்கமாட்டேன்.”

“முயற்சி செய்யுங்கோ,” என்றார் அவர்.

அண்ணை மறுபடி ஆஸ்பத்திரித் தரைக்குப் போனார், இந்தத் தடவை பகுதி நேரம். விண்ணப்பம் போட அந்தச் சம்பளம் போதவில்லை. மகளுக்குப் பதினெட்டு வந்தது, போனது. மகளை விட்டுவிட்டுத் தனியாக வர மனைவி மாட்டேன் என்றுவிட்டாராம். இதை என் அம்மா சொல்லித்தான் அறிந்தேன். நான் அப்போதும் ஓர்லிகோனில்தான் இருந்தேன், வேறு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டு.

ஒருநாள் காலை அலுவலகத்தில் எங்கள் தலைவரின் மேசைத் தொலைபேசி அடித்தது. வேறொரு நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பகுதியிலிருந்து ஒரு பெண். அண்ணை நிரல் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார், தன்னைப் பற்றி விசாரிக்கக்கூடிய ஆள் என்று இவருடைய பெயரைக் கொடுத்திருக்கிறார். நான் பக்கத்து மேசை. அவர் ஜெர்மனில், சிரித்த குரலில், “ஓம், நினைவிருக்கிறது. நல்ல மனிதர். எப்போதும் முயற்சி செய்தார்,” என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டது. “ஓம். எப்போதும் முயற்சி செய்தார்,” என்று அதையே திரும்பச் சொல்லி வைத்துவிட்டார்.

இந்த நாட்டில் பழைய வேலைக்காரரைப் பற்றி வெளிப்படையாகக் கெட்டதாகச் சொன்னால் வழக்கு வரலாம். அதனால் புகழ்ச்சி மாதிரிக் கேட்கிற சில வாக்கியங்களை வைத்திருக்கிறார்கள். ஆள் எடுப்பவர்கள் எல்லோருக்கும் அவற்றின் பொருள் தெரியும். ‘எப்போதும் முயற்சி செய்தார்’ என்றால் முயன்றார், ஒன்றும் முடியவில்லை என்று அர்த்தம். அதைவிடக் கேவலமாக ஒருவரைச் சொல்ல முடியாது. இங்கே பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகளுக்கும் அது தெரியும். தரை துடைத்துக்கொண்டு மாலை வகுப்பில் படித்தவருக்குத் தெரியாது.

அடுத்த கிழமை வேலை நேரத்தில் அண்ணை எனக்கு அழைத்தார். “சொல்லுங்கோ அண்ணை,” என்றபடி எழுந்து மாடிப்படிக்குப் போய்க் கதைத்தேன்.

“தங்கச்சி, அந்த இடத்திலயும் இல்லையெண்டுட்டாங்க. எனக்கு ஒண்டும் விளங்கல்ல. அந்தப் பொம்பிளையே சொன்னா, மேடம் என்னைப் பத்தி நல்லாத்தான் சொன்னவவாம். நான் எப்பவும் முயற்சி செய்யிற ஆள் எண்டு சொன்னவவாம். மறுகா ஏன் தரல்ல? மேடத்தக் கேட்டு இன்னொரு இடத்துக்கும் அவவின்ட பேரைக் குடுக்கட்டா?”

“வேண்டாம் அண்ணை.”

“ஏன்?”

இனியும் ஒவ்வோர் இடமாகப் போய் அவர் அந்தப் பெயரைக் கொடுத்துக்கொண்டிருப்பார் என்று நினைக்க எனக்குத் தாங்கவில்லை. சொன்னேன். அந்த வாக்கியத்துக்கு இந்த ஊரில் என்ன பொருள் என்று சொன்னேன். நிரலைப் பார்த்த நாளே அவர் அந்தச் சாய்ந்த கோட்டைக் கண்டவர் என்பதையும் சொன்னேன். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அந்தப் பக்கம் ஏதோ வண்டில் உருளும் ஒலி கேட்டது. ஆஸ்பத்திரியில் நின்று கதைக்கிறார் போலும்.

“கண்டவவா?” என்றார் கடைசியில்.

“ஓம் அண்ணை.”

“ஒரு ஆளாவது என்னை மதிச்சுது எண்டு வைச்சிருந்தன்.” மூச்சு வாங்கினார். “நீங்க இதச் சொல்லாம விட்டிருக்கலாம் தங்கச்சி.”

வைத்துவிட்டார். உள்ளே வந்தேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“சொல்லிப்போட்டீரோ?”

“ஓம்.”

“எப்பிடி இருக்கிறார்?”

நான் என் கதிரையை இழுத்து இருந்தேன். அவர் முதன்முறையாக முழுவதுமாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். ஓர் எழுத்தைப் பார்ப்பதுபோல, நிதானமாக.

“இனிமேலாவது அவர் கண்ணைத் திறந்து வடிவாப் பாப்பார்,” என்றார்.